பணிச்சான்றில் காலப் பிழை: அறிகுறி கண்டு திருத்தும் வழிமுறை

குன்னூர்ப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபோது, வேலையை விட்டுச் சென்ற பெண் தொழிலாளி ஒருவருக்குப் பணிச்சான்று தட்டச்சு செய்து கொடுத்தேன். கோப்பில் இருந்த பழைய மாதிரியைப் பார்த்துப் பெயரையும் தேதிகளையும் மட்டும் மாற்றினேன்; மேலாளரும் கையொப்பமிட்டார். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனைக்குத் துப்புரவுப் பணி கேட்டுச் சென்றார். அங்கே கடிதத்தைப் படித்தவர், "அம்மா, நீங்கள் இன்னும் அந்த எஸ்டேட்டில்தான் வேலை பார்க்கிறீர்கள் என்று இதில் இருக்கிறதே, அங்கிருந்து விடுவித்த கடிதத்தை வாங்கி வாருங்கள்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். 'பணிபுரிந்து வருகிறார்' என்று நான் திருத்தாமல் விட்ட ஒரு தொடர்தான் காரணம். அவர் மேட்டுப்பாளையம் வழியாக மலையேறி வந்து, மறுநாள் புதிய கடிதத்துடன் மீண்டும் இறங்கிப் போனார். என் கவனக்குறைவால் அவருக்கு இரண்டு நாளும் பேருந்துக் கட்டணமும் வீணாயின. அதற்குப் பிறகு, கடிதத்தில் வரும் ஒவ்வொரு வினைச்சொல்லையும் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் எதையும் கையொப்பத்துக்கு அனுப்பியதில்லை.

தோட்ட அலுவலகங்களிலும் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் ஊட்டி, கோத்தகிரி விடுதிகளிலும் தமிழில் பணிச்சான்று எழுதுவோருக்காக இந்த வழிமுறையை எழுதுகிறேன். கடிதத்தைப் படித்தவர் என்ன தவறாகப் புரிந்துகொண்டார் என்பதே இங்கு அறிகுறி. அதிலிருந்து தொடங்கிப் பிழை இருக்கும் சொல்லைத் தேடிச் செல்லலாம்.

முதலில்: மூன்று தேதிகள்

எந்த அறிகுறியாக இருந்தாலும், ஒரு துண்டுத் தாளில் மூன்று தேதிகளை எழுதிக்கொள்ளுங்கள்: பணியில் சேர்ந்த நாள், பணியிலிருந்து விலகிய நாள், கடிதத்தின் தலைப்பில் இடும் நாள். மூன்றாவது தேதியே அளவுகோல். கடிதத்தை எவர் எந்த ஆண்டில் படித்தாலும், அதிலுள்ள 'இன்று' என்பது கடிதத்தில் இட்ட தேதிதான். ஆகவே ஒவ்வொரு வினையையும் பார்த்து, இந்தச் செயல் கடிதத் தேதிக்கு முன்பே முடிந்ததா, அந்தத் தேதியிலும் நடந்துகொண்டிருக்கிறதா, இனிமேல்தான் நடக்கப் போகிறதா என்று கேட்க வேண்டும்.

அடுத்து, பென்சிலால் எல்லா வினைகளையும் அடிக்கோடிடுங்கள். வாக்கிய முடிவில் நிற்கும் வினைமுற்றை மட்டும் அடிக்கோடிட்டால் பாதிப் பிழைகள் தப்பிவிடும். 'பணிபுரியும்', 'பணிபுரிந்த' போன்ற பெயரெச்சங்களும், 'பணிபுரிவதை', 'பணிபுரிந்தமை' போன்ற தொழிற்பெயர்களும் காலத்தைச் சுமந்து வருகின்றன. கூட்டுவினைகளில் இன்னொரு கவனம் தேவை. 'பணிபுரிந்து வருகிறார்' என்பதில் 'புரிந்து' என்ற பகுதி இறந்தகால வடிவில் இருப்பதைப் பார்த்து, இது கடந்த காலம்தானே என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். வாக்கியத்தின் காலத்தைத் தீர்மானிப்பது கடைசியில் நிற்கும் 'வருகிறார்' என்பதுதான்.

அறிகுறி: விலகிவிட்டவர் இன்னும் பணியில் இருப்பதாகப் படிப்பவர் நினைக்கிறார்

மேலே சொன்ன பெண்ணுக்கு நேர்ந்தது இதுதான். மூன்று இடங்களில் தேடுங்கள்.

முதல் இடம் வினைமுற்று. 'வருகிறார்', 'உள்ளார்', 'இருக்கிறார்' என்று முடியும் வாக்கியங்கள் விலகியவருடைய கடிதத்தில் இருந்தால், அவற்றைப் 'பணிபுரிந்தார்' என்றோ, நீண்ட காலத் தொடர்ச்சியைக் காட்ட வேண்டுமானால் 'பணிபுரிந்து வந்தார்' என்றோ மாற்ற வேண்டும்.

இரண்டாவது இடம் பெயரெச்சம். 'எங்கள் தோட்டத்தில் பணிபுரியும் திருமதி ... அவர்கள் 31.03.2024 வரை கொழுந்து பறிக்கும் பணியைச் செய்தார்' என்ற வாக்கியத்தில் முடிவு சரியாக இருக்கிறது. தொடக்கத்தில் உள்ள 'பணிபுரியும்' அதை மறுக்கிறது. எழுதியவரின் கண் வாக்கிய முடிவுக்கு வரும்போது தொடக்கத்தை மறந்திருக்கும். 'பணிபுரிந்த' என்று மாற்றினால் போதும். அதே வாக்கியத்தில் வரும் 'கொழுந்து பறிக்கும் பணி' என்பதை மாற்றத் தேவையில்லை, ஏனென்றால் அது பணியின் பெயர். அந்தப் பணியை இன்று வேறொருவர் செய்கிறார்.

மூன்றாவது இடம் தொழிற்பெயர். 'இவர் எங்களிடம் பணிபுரிவதைச் சான்றளிக்கிறேன்' என்பது பணியில் இருப்பவருக்கு உரியது. விலகியவருக்குப் 'பணிபுரிந்ததை' அல்லது 'பணிபுரிந்தமையை' என்று இருக்க வேண்டும். கடிதத்தின் பொருள் வரியிலும் இதே கவனம் வேண்டும்; பொருள் வரியை எவரும் மறுமுறை படிப்பதில்லை என்பதால் பழைய மாதிரியின் காலம் அங்கேதான் அதிகமாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

இந்தப் பிழையை அற்பமாக எண்ணக் கூடாது. புதிய முதலாளி வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் விலகிய தேதியைப் பார்க்கிறார். கடிதம் இன்னும் பணியில் இருப்பதாகச் சொல்கிறது. இரண்டும் முரண்படும்போது சந்தேகம் தொழிலாளியின் மீது விழுகிறது, கடிதம் எழுதியவர் மீது விழுவதில்லை. தொழிலகப் பணி நிபந்தனைகளை வகுத்த 1946ஆம் ஆண்டு மத்திய விதிகளோடு இணைந்த மாதிரி நிலையாணைகள், நிரந்தரத் தொழிலாளி பணியிலிருந்து நீங்கும்போதும் ஓய்வு பெறும்போதும் பணிச்சான்று பெறுவதை அவருடைய உரிமையாகவே வைத்திருந்தன. உரிமையாகப் பெறும் ஆவணம் அவருக்கே தடையாக நிற்கக் கூடாது.

அறிகுறி: பணியில் இருப்பவர் விலகிவிட்டதாக வங்கி நினைக்கிறது

இது முந்தையதன் மறுபக்கம். வீட்டுக்கடனுக்கோ பிள்ளையின் கல்விக் கடனுக்கோ சான்று கேட்டவருக்கு, விலகியவருக்கான மாதிரியில் எழுதிக் கொடுத்துவிடுவதால் வருகிறது. 'பணிபுரிந்தார்' என்று ஒரு முறை வந்தாலும் வங்கி அலுவலர் நிறுத்திவிடுவார். 'முதல் ... இன்று வரை' என்ற தேதி வரம்பும் 'பணிபுரிந்து வருகிறார்' என்ற வினையும் இணைபிரியாமல் வர வேண்டும். 'முதல் ... வரை' என்று முடிந்துபோன தேதி இருந்தால் 'வருகிறார்' வரக் கூடாது. இரண்டு கோப்புகளை வைத்து, ஒன்றின் மேல் 'பணியில் உள்ளவர்' என்றும் மற்றொன்றின் மேல் 'விலகியவர்' என்றும் எழுதிவிட்டால் இந்த அறிகுறி பெரும்பாலும் வராது.

அறிகுறி: 'பணிபுரிந்துள்ளார்' என்று எழுதிய கடிதத்தைப் படித்தவர், எழுதியவருக்கு நேரடியாகத் தெரியுமா என்று கேட்கிறார்

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் பணிச்சான்று எழுதுவோர் மிகுதியாகப் பயன்படுத்தும் வடிவம் இதுதான், மிகக் குறைவாக யோசித்துப் பயன்படுத்தும் வடிவமும் இதுதான்.

மார்கழி மாதக் காலையில் கதவைத் திறந்து, புல்வெளி வெளுத்துக் கிடப்பதைப் பார்க்கும் ஊட்டிக்காரர், 'ராத்திரி உறைபனி விழுந்திருக்கிறது' என்பார். விழுந்ததை அவர் பார்க்கவில்லை. விழுந்ததன் விளைவைப் பார்த்துச் சொல்கிறார். இரவுக் காவலில் இருந்து, புல்லின் மேல் பனி படிவதைக் கண்ணால் கண்டவர், 'விழுந்தது' என்பார். 'இருக்கிறது' என்று முடியும் இந்தக் கூட்டுவினை, நிகழ்ச்சியின் தடயம் இன்று இருப்பதைக் காட்டுகிறது. பல இடங்களில், சொல்பவர் அந்தத் தடயத்தைக் கொண்டு ஊகித்தார் என்பதையும் காட்டுகிறது. 'பணிபுரிந்திருக்கிறார்' என்பதும், அதன் எழுத்து வழக்கு வடிவமான 'பணிபுரிந்துள்ளார்' என்பதும் இதே இயல்பு உடையவை.

ஆகவே, ஒன்பது ஆண்டுகள் ஒருவரைத் தம் மேற்பார்வையில் வைத்திருந்த தொழிற்சாலை அலுவலர், 'இவர் என் மேற்பார்வையில் பணிபுரிந்துள்ளார்' என்று எழுதினால், கண்ணால் கண்டதை ஏட்டில் படித்தது போல் எழுதுகிறார். அவர் எழுத வேண்டியது: 'இவர் 2014 ஜூன் முதல் 2023 ஜூலை வரை என் நேரடி மேற்பார்வையில் பணிபுரிந்தார்.' எளிய இறந்தகாலத்துக்கு உள்ள உறுதி வேறு எந்த வடிவத்துக்கும் இல்லை.

மாறாக, போன மாதம் பொறுப்பேற்ற மேலாளர், தாம் பார்த்தேயிராத ஒருவருக்குச் சான்று வழங்க வேண்டி வரலாம். அவருக்குப் 'பணிபுரிந்துள்ளார்' என்பதே நேர்மையான வடிவம். 'எங்கள் அலுவலகப் பதிவேடுகளின்படி இவர் 2014 ஜூன் முதல் 2023 ஜூலை வரை பணிபுரிந்துள்ளார்' என்று அவர் எழுதினால், தெரிந்த விதம் 'பதிவேடுகளின்படி' என்ற சொல்லிலும் வினையிலும் ஒருங்கே வெளிப்படுகிறது.

பதிவேட்டிலும் இல்லாமல் தொழிலாளி சொல்லி மட்டும் அறிந்தவற்றுக்கு மூன்றாவது வடிவம் ஒன்று உண்டு. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதித் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர்களுள் மூத்தவர்களுக்குச் சான்று எழுதும்போது, அங்கு செய்த பணியையும் சேர்த்து எழுதுமாறு பிள்ளைகள் கேட்பதுண்டு. அதை 'பணிபுரிந்தார்' என்று எழுத நமக்கு உரிமையில்லை. 'இங்கு வருவதற்கு முன் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பணிபுரிந்ததாகத் தெரிவித்துள்ளார்' என்று எழுதினால் அவருடைய உழைப்பும் மறையாது, நம் சான்றும் பொய்யாகாது.

'-உள்ளார்' வடிவம் முற்றும் பொருந்தும் இடம் ஒன்று இருக்கிறது. பெற்ற தகுதி இன்றும் நிலைத்திருந்தால் அதை அப்படித்தான் சொல்ல வேண்டும். 'கனரக வாகன ஓட்டுநர் உரிமம் பெற்றுள்ளார்', 'ஆர்தடாக்ஸ் முறைத் தேயிலைத் தயாரிப்பில் பயிற்சி பெற்றுள்ளார்' என்பவை விலகியவரின் கடிதத்திலும் சரியே. இவற்றைப் 'பெற்றார்' என்று ஆக்கினால் தவறில்லை, ஆனால் பயிற்சி அவருடன் இருக்கிறது என்ற உணர்வு குறைந்துவிடும்.

அறிகுறி: பாராட்டு வரிகள் இரங்கல் உரை போல ஒலிக்கின்றன

'அவர் நேர்மையானவராக இருந்தார். அனைவரிடமும் அன்பானவராக இருந்தார். கடின உழைப்பாளியாக இருந்தார்.' இந்த மூன்று வரிகளையும் உரக்கப் படித்துப் பாருங்கள். படம் திறந்து மாலை போடும் இடத்தில் பேசுவது போலிருக்கும். அல்லது, இருந்தவர் இப்போது அப்படி இல்லையோ என்ற ஐயம் எழும். வேலை தேடிப் போகும் ஒருவருக்கு இரண்டுமே தீங்கு.

பிழை 'இருந்தார்' என்ற சொல்லில் இருக்கிறது. அது ஒரு நிலையைச் சொல்லும் வினை. ஒரு நிலையை இறந்தகாலத்தில் வைத்தால் அந்த நிலை முடிந்துவிட்டது என்று தமிழ்க் காது கேட்கும். செயலைச் சொல்லும் வினைக்கு இந்தக் குறை இல்லை. 'நேர்மையாக நடந்துகொண்டார்' என்றால், நடந்த செயல் முடிந்தது. நேர்மை முடிந்ததாக எவரும் கேட்க மாட்டார்கள். ஆகவே முதல் திருத்தம், 'இருந்தார்' வரும் பாராட்டை ஒரு செயலாக மாற்றுவது. 'கடின உழைப்பாளியாக இருந்தார்' என்பதைக் காட்டிலும் 'கவாத்துப் பருவத்தில் ஒரு நாளும் விடுப்பு எடுக்காமல் உழைத்தார்' என்பது காலத்திலும் சரி, செய்தியிலும் கூடுதல்.

இரண்டாவது திருத்தம், வினையே இல்லாத வாக்கியம். தமிழில் 'அவர் நேர்மையானவர்' என்று பெயரைக் கொண்டே வாக்கியத்தை முடிக்கலாம். அங்கே காலம் வெளிப்படையாகத் தெரியாது. தொட்டபெட்டா சிகரம் 2637 மீட்டர் உயரத்தில் நிற்கிறது என்று நாம் சொல்கிறோம். நேற்றும் நின்றது, நாளையும் நிற்கும். முக்காலத்துக்கும் ஒத்த பொருளை நிகழ்காலத்தால் சொல்லலாம் என்று நன்னூலும் விதிக்கிறது. ஒருவருடைய திறனை இப்படிச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை: 'டிரையரையும் ரோலரையும் தனியாக இயக்கத் தெரிந்தவர்', 'தமிழ், மலையாளம், கன்னடம் பேசத் தெரிந்தவர்'. பேசத் தெரிந்தது வேலையை விட்டதும் மறந்துபோகாது.

ஆனால் நடத்தையை அப்படிச் சொல்லலாமா என்பதில் அலுவலகத்துக்குள்ளேயே கருத்து வேறுபாடு வரும். மனிதரின் நேர்மை மலையைப் போன்றதன்று. நம்மிடமிருந்து சென்று ஐந்து ஆண்டுகள் ஆன ஒருவருக்கு இன்றைய தேதியிட்டு 'நேர்மையானவர்' என்று எழுதும்போது, நாம் பார்க்காத ஐந்து ஆண்டுகளுக்கும் சேர்த்துச் சான்றளிக்கிறோம். என் தீர்ப்பு இது: திறனைக் காலம் காட்டாத பெயரால் முடியுங்கள், நடத்தையைப் பணிக்காலத்தோடு கட்டி, செயல் வினையின் இறந்தகாலத்தால் முடியுங்கள். 'தம் பணிக்காலம் முழுவதும் நேர்மையாக நடந்துகொண்டார்' என்ற வாக்கியத்தில், 'பணிக்காலம் முழுவதும்' என்பது எல்லையையும் காட்டுகிறது, அந்த எல்லைக்குள் குறைவில்லை என்பதையும் காட்டுகிறது.

எதிர்மறையாகப் பாராட்டும் வரிகளிலும் இதே பார்வை வேண்டும். 'அவர் மீது புகார் வரவில்லை' என்பதில் எப்போது வரவில்லை என்பது தெளிவாக இல்லை; இந்த ஆண்டு மட்டும் வரவில்லை என்றும் கொள்ளலாம். 'பணிபுரிந்த 9 ஆண்டுகளில் ஒரு முறையும் அவர் மீது புகார் வந்ததில்லை' என்பது முழுக் காலத்தையும் அடைக்கிறது. 'அவர் மீது புகார் வராது' என்பதோ உறுதிமொழியாகிவிடும். அதை எழுதக் கூடாது.

இதுவரை சொன்னவற்றைக் கொண்டு, விலகிய ஒருவருக்கான கடிதத்தின் நடுப்பகுதி இவ்வாறு அமையும்:

'திருமதி ... அவர்கள் 02.06.2014 முதல் 31.07.2023 வரை எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் தரம் பிரிக்கும் பிரிவில் என் மேற்பார்வையில் பணிபுரிந்தார். ஒப்படைக்கப்பட்ட பணிகளை உரிய நேரத்தில் செய்து முடித்தார். தம் பணிக்காலம் முழுவதும் நேர்மையாகவும் உடன் பணியாற்றியோரிடம் மரியாதையாகவும் நடந்துகொண்டார். தேயிலையின் தரங்களைப் பார்த்த அளவில் பிரித்தறியத் தெரிந்தவர். தம் சொந்த விருப்பத்தின் பேரில் பணியிலிருந்து விலகினார்.'

இதில் ஆறு வாக்கியங்கள்கூட இல்லை. காலம் காட்டாத வாக்கியம் ஒன்றே ஒன்றுதான், அது திறனைச் சொல்வது. 'பணிபுரிந்தாள்', 'விலகினாள்' என்று பெண் தொழிலாளர்களுக்கு எழுதும் பழைய வழக்கம் சில கோப்புகளில் இன்னும் கிடக்கிறது. வினையைத் திருத்தும்போது அந்த விகுதியையும் சேர்த்து 'ஆர்' என்று திருத்திவிடுங்கள்.

அறிகுறி: 'செய்வார்', 'வருவார்' என்ற சொற்களை உத்தரவாதமாக எடுத்துக்கொள்கிறார்கள்

பேச்சில் எதிர்கால வடிவத்தால் கடந்த கால வழக்கத்தைச் சொல்வது நமக்கு இயல்பு. 'அந்த நாளில் விடியும் முன்பே கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு வந்துவிடுவார்' என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும், ஏனென்றால் 'அந்த நாளில்' என்ற சொல் காப்பாற்றுகிறது. கடிதத்தில் அந்தச் சொல் விடுபட்டுப் போய், 'குறித்த நேரத்துக்கு முன்பே பணிக்கு வந்துவிடுவார்' என்று மட்டும் நிற்கும். படிப்பவர் இதை இன்றைய பழக்கமாகவோ நாளைய வாக்குறுதியாகவோ எடுத்துக்கொள்வார். 'குறித்த நேரத்துக்கு முன்பே பணிக்கு வருவதை வழக்கமாகக் கொண்டிருந்தார்' என்று மாற்றுங்கள்.

'எந்தப் பணியைக் கொடுத்தாலும் சிறப்பாகச் செய்வார்' என்ற வரி பரிந்துரைக் கடிதங்களில் மிகவும் பழகிப்போனது. இது எதிர்காலமேதான், எழுதியவர் உண்மையாகவே எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகிறார். பேசட்டும், ஆனால் அதைத் தம் கருத்தாகப் பேச வேண்டும்: 'புதிய பொறுப்பையும் சிறப்பாகச் செய்வார் என்று நம்புகிறேன்.' 'நம்புகிறேன்' என்ற நிகழ்கால வினை கடிதத் தேதியில் எழுதியவருடைய மனநிலையைச் சொல்வதால், பின்னர் என்ன நடந்தாலும் அது உண்மையாகவே இருக்கும்.

அறிகுறி: பருவகாலப் பணியாளருக்கு இல்லாத தொடர்ச்சி வந்துவிடுகிறது

ஊட்டியில் ஏப்ரல், மே மாதங்களில் கோடைப் பருவமும், செப்டம்பர், அக்டோபரில் இரண்டாம் பருவமும் உண்டு. தாவரவியல் பூங்காவில் மலர்க்கண்காட்சி நடக்கும் மே மாதத்தில் விடுதிகள் கூடுதல் ஆட்களை எடுத்து, பருவம் முடிந்ததும் அனுப்பிவிடுகின்றன. அப்படி வந்து போன ஒருவருக்கு '2018 முதல் 2023 வரை பணிபுரிந்து வந்தார்' என்று எழுதினால், ஆறு ஆண்டுகள் இடைவிடாமல் பணிபுரிந்ததாகப் பொருள்படும். 'வந்தார்' என்ற துணைவினை சுமக்கும் பொருளே தொடர்ச்சிதான். 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் ஐந்தாண்டுத் தொடர்பணியை அளவாக வைத்தது என்பதை நினைவில் கொண்டால், இந்த ஒரு சொல் எத்தனை பெரிய வழக்கைக் கிளப்பக்கூடும் என்பது விளங்கும். தொழிலாளிக்கும் இதில் நன்மை இல்லை. அடுத்த நிறுவனம் சம்பளப் பதிவைக் கேட்டால் ஆண்டுக்கு இரண்டு மாதம்தான் காட்ட முடியும்.

'ஒவ்வோர் ஆண்டும்' என்ற சொல்லையும் சரிபார்க்க வேண்டும். 2020, 2021 ஆகிய இரண்டு கோடைப் பருவங்களும் பொது முடக்கத்தால் பாதிக்கப்பட்டவை. அந்த ஆண்டுகளில் அவர் வரவில்லை என்றால், ஆண்டுகளைத் தனித்தனியே எழுதி எளிய இறந்தகாலத்தில் முடியுங்கள்: '2018, 2019, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் ஏப்ரல் 1 முதல் மே 31 வரை பருவகாலப் பணியாளராகப் பணிபுரிந்தார்.'

அறிகுறி: பதவி உயர்வு பெற்றவர் எப்போது எந்தப் பதவியில் இருந்தார் என்பது குழம்புகிறது

விலகியவருக்கு ஒரே வினை போதும்: '2009 முதல் 2015 வரை கொழுந்து பறிக்கும் தொழிலாளியாகவும், 2015 முதல் 2023 வரை மேஸ்திரியாகவும் பணிபுரிந்தார்.' பணியில் இருப்பவருக்கு இரண்டு வினைகள் வேண்டும், ஏனென்றால் பழைய பதவி முடிந்துவிட்டது, புதிய பதவி நடக்கிறது: '2009 முதல் 2015 வரை கொழுந்து பறிக்கும் தொழிலாளியாகப் பணிபுரிந்தார், 2015 முதல் மேஸ்திரியாகப் பணிபுரிந்து வருகிறார்.' இரண்டையும் 'வருகிறார்' என்ற ஒரே வினையில் அடக்க முயலும்போதுதான் குழப்பம் வருகிறது.

அறிகுறி: 'பணிபுரிந்து கொண்டிருந்தார்' என்பதைப் படித்தவர், "பிறகு என்ன ஆயிற்று?" என்று கேட்கிறார்

ஆங்கில மாதிரியிலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வருவது. 'கொண்டிருந்தார்' என்றால் இன்னொரு நிகழ்ச்சி குறுக்கிட வேண்டும். அவர் கொழுந்து பறித்துக் கொண்டிருந்தார், அப்போது காட்டெருமை வந்தது என்பது போல. பணிச்சான்றில் குறுக்கிடும் நிகழ்ச்சி எதுவும் இல்லை. 'பணிபுரிந்தார்' போதும்.

அறிகுறி: கடிதத் தேதிக்குப் பின் வரும் தேதியில் 'விடுவிக்கப்பட்டார்' என்று இருக்கிறது

முன்னறிவிப்புக் காலத்தில் சான்று கேட்பவர்களுக்கு இது நேரும். கடிதம் 15ஆம் தேதியிட்டது. விடுவிக்கும் நாள் 31ஆம் தேதி. வாக்கியமோ '31ஆம் தேதி பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்' என்கிறது. நடக்காததை நடந்ததாகச் சான்றளித்திருக்கிறோம். சாப்பிட்டுக் கொண்டிருப்பவர், கூப்பிட்டவரிடம் 'இதோ வந்துவிட்டேன்' என்பதை விரைவு பற்றிய வழுவமைதி, அதாவது காரணம் கருதி ஏற்கப்படும் பிழை, என்று இலக்கணம் பொறுத்துக்கொள்கிறது. சான்றுக்கு அந்தச் சலுகை கிடையாது. இடைப்பட்ட இரண்டு வாரங்களில் அவர் விலகல் கடிதத்தைத் திரும்பப் பெறவும் கூடும்.

சான்று உடனடியாகத் தேவையென்றால், 'தற்போது பணிபுரிந்து வருகிறார். அவருடைய விலகல் கடிதம் ஏற்கப்பட்டுள்ளது. 31ஆம் தேதி பிற்பகல் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார்' என்று எழுதிக் கொடுக்கலாம். இங்கே மூன்று காலங்களும் தத்தம் இடத்தில் இருக்கின்றன. காத்திருக்க முடியுமென்றால், விடுவிக்கும் நாளிலேயே தேதியிட்டு, 'இன்று பிற்பகல் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்' என்று எழுதுவது நல்லது.

சான்றளிக்கும் வினை

கடிதத்தில் எழுதுபவரின் செயலைச் சொல்லும் வினைகள் தனி இனம். 'சான்றளிக்கிறேன்', 'பரிந்துரைக்கிறேன்', 'வாழ்த்துகிறேன்' ஆகியவை கையொப்பமிடும் செயலோடு சேர்ந்தே நடப்பவை. அவை எப்போதும் நிகழ்காலத்தில்தான் இருக்க வேண்டும். விலகியவரின் கடிதத்தில் எல்லாவற்றையும் இறந்தகாலமாக்கும் வேகத்தில் 'சான்றளித்தேன்' என்று எழுதியவர்களும் உண்டு. அது முன்பு வேறொரு நாள் அளித்த சான்றைக் குறிக்கும்.

அறிகுறி: நெடுநாள் முன் விலகியவருக்கு இன்று எழுதும் கடிதம், அல்லது ஏற்கெனவே தவறாகப் போய்விட்ட கடிதம்

2009இல் விலகியவர் இன்று வந்து சான்று கேட்டால், கடிதத்துக்குப் பழைய தேதியிட வேண்டாம். இன்றைய தேதியிட்டு, பணியை இறந்தகாலத்திலும் சான்றளிப்பதை நிகழ்காலத்திலும் எழுதுங்கள். இடையில் தொழிற்சாலை கைமாறியிருந்தால், நிறுவனத்தைப் பற்றிய வரியின் காலத்தையும் பாருங்கள். 'எங்கள் தொழிற்சாலை சிடிசி தேயிலை தயாரிக்கிறது' என்பது இன்றைய செய்தி (சிடிசி என்பது இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் முறை; ஆர்தடாக்ஸ் என்பது இலையை உருட்டிச் சுருட்டும் பழைய முறை). அவர் இருந்தபோது ஆர்தடாக்ஸ் மட்டும் தயாரித்திருந்தால், 'அக்காலத்தில் ஆர்தடாக்ஸ் தேயிலை தயாரித்து வந்த இத்தொழிற்சாலையில்' என்று எழுதினால்தான் அவருடைய அனுபவம் எதில் என்பது சரியாக விளங்கும்.

தவறான கடிதம் வெளியே போய்விட்டால், அதன் மேல் வெள்ளைப் பூச்சு பூசித் திருத்துவதையோ பேனாவால் அடித்து எழுதுவதையோ எந்த வங்கியும் ஏற்காது. ஆவணத்தைத் தொழிலாளி திருத்தியதாகவே நினைப்பார்கள். புதிய கடிதத்தை இன்றைய தேதியில் எழுதி, முடிவில் ஒரு வரி சேருங்கள்: '12.04.2024 அன்று வழங்கப்பட்ட சான்றில் இவர் பணியில் தொடர்வதாகத் தவறுதலாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. அதற்கு மாற்றாக இச்சான்று வழங்கப்படுகிறது.' தவறு அலுவலகத்தினுடையது என்பது அந்த வரியிலேயே தெரியட்டும். பழைய கடிதத்தைக் கேட்டு வாங்கி, குறுக்கே கோடிட்டு, புதியதன் நகலோடு சேர்த்துக் கோப்பில் வைத்துவிடுங்கள். அடுத்து அந்த மேசைக்கு வரும் எழுத்தர் மாதிரி தேடும்போது கோடிட்ட கடிதத்தைப் பார்த்து எழுத மாட்டார்.